தெரியாமல் வாங்கிய திருட்டுச் செம்பு: பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி:

வக்கீல் சார், பல்லடம் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. போன மாதம் இரண்டு பையன்கள் ஒரு சாக்கில் செம்புக் கம்பி கொண்டுவந்தார்கள். ஒன்பது கிலோ இருந்தது, மேல் பிளாஸ்டிக்கை எரித்திருந்தார்கள். கிலோ 480 என்று ரொக்கமாகக் கொடுத்து வாங்கிவிட்டேன். நாலு நாள் கழித்து அந்தப் பையன்களையே கூட்டிக்கொண்டு போலீஸ் வந்துவிட்டது. ஏதோ தோட்டத்து போர்வெல் மோட்டார் ஒயராம். அதற்குள் பாதியைக் கோவைக்கு அனுப்பிவிட்டேன், மீதியை எடுத்துப் போனார்கள். அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததில் கையெழுத்துப் போட்டால் சாட்சியாக விட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். ஒன்பது கிலோவையும் எங்கிருந்தாவது கொண்டுவந்து வை என்கிறார் இன்னொருவர். மாதாமாதம் கவனித்துக்கொண்டால் இந்தத் தொந்தரவே வராது என்று வெளியில் ஓர் ஆள் சொல்கிறார். எனக்குத் திருட்டுப் பொருள் என்று சத்தியமாகத் தெரியாது. தெரியாமல் வாங்கினது குற்றமா? இன்னொன்று, எங்கள் சங்கத்தில் எங்கள் தொழிலுக்கு லைசென்ஸ், ஆதார், ரொக்கம் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டால் எதிர்த்தே ஆகவேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படி வந்தால் எங்களைப் போன்ற சின்னக் கடைகளை மூட வேண்டியதுதானா?

பதில்:

வணக்கம். நேர் கேள்விக்கு நேர் பதில் முதலில். உண்மையிலேயே தெரியாமல், சந்தேகப்படக் காரணமும் இல்லாமல் வாங்கியிருந்தால் அது குற்றம் இல்லை. ஆனால் உங்களை மாட்டிவிடப் போவது அந்த "சந்தேகப்படக் காரணமும் இல்லாமல்" என்கிற பகுதிதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 411 இப்போது 317-இன் இரண்டாவது உட்பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், மூன்று வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். "தெரிந்தோ" என்பதோடு சட்டம் நிறுத்தியிருந்தால் உலகத்தில் எந்த வியாபாரியையும் தண்டிக்க முடியாது, எல்லோரும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் "நம்பக் காரணம் இருந்தோ" என்றும் சேர்த்திருக்கிறார்கள். நீதிமன்றம் உங்கள் மனதுக்குள் எட்டிப் பார்க்காது, அந்த இடத்தில் இந்தத் தொழில் தெரிந்த ஓர் ஆள் நின்றிருந்தால் அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்றுதான் பார்க்கும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை, வருத்தப்படாதீர்கள். வெளியில் செம்பு என்ன விலை போகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 480-க்கு ஒருவன் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு அவசரம், அவனுக்கு என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒயரை எரித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் மிச்சம் பிடித்த ஒயரும், மோட்டார் ரீவைண்டிங் கடையில் கழித்த ஆர்மேச்சர் செம்பும் வழக்கமாக யாரிடமிருந்து எப்படி வரும் என்பது உங்கள் கடைத் தராசுக்கே தெரியும். முகம் தெரியாத இரண்டு பையன்கள் ஒன்பது கிலோ கரி பிடித்த செம்பைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவது அந்த வழக்கத்தில் சேராது. பேர் எழுதவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை, ரொக்கம். இவை ஒவ்வொன்றும் தனியாகக் குற்றம் ஆகாது. எல்லாம் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையில் வந்தால் அரசு வக்கீலுக்கு அதற்குமேல் பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

இதோடு இன்னொன்று. திருட்டு நடந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பொருள் ஒருவர் கையில் இருந்தால், அவர் திருடியவராகவோ தெரிந்து வாங்கியவராகவோ இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம், அது தன் கைக்கு வந்த விதத்தை அவர் விளக்கினால் ஒழிய. முன்பு சாட்சியச் சட்டம் 114-இல் இருந்தது, இப்போது பாரதிய சாட்சிய அதிநியம் 119. ஊகிக்கலாம் என்றுதான் இருக்கிறது, ஊகித்தே ஆகவேண்டும் என்று இல்லை. விளக்கம் ஒன்று கையில் இருந்தால் ஊகம் உடைந்துவிடும். விளக்கம் என்று நான் சொல்வது நோட்டுப் புத்தகம், போட்டோ, வங்கிக் கணக்கில் போன பணம், இந்த மாதிரி. "நல்ல பையன்களாகத் தெரிந்தார்கள்" என்பதை விளக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடை நடத்துபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 317-இன் நாலாவது உட்பிரிவு, பழைய 413. திருட்டுப் பொருள் வாங்குவதையே வழக்கமாக வைத்திருப்பவர் என்று நிரூபித்தால் பத்து வருடம் வரை, ஏன், ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். ஒரு தடவை நடந்ததை வைத்து அதைப் போட முடியாது. இரண்டு மூன்று வழக்குகள் சேர்ந்துவிட்டால் அந்தப் பேச்சு வரும். அதனால் இந்த வழக்கு எப்படி முடிகிறது என்பதைவிட இதற்குப் பிறகு உங்கள் கடையில் என்ன மாறுகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் ஸ்டேஷன் விஷயம்.

உங்களுக்குக் கொடுத்த காகிதத்தில் என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179 என்று இருந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள் (கீழே 482, 181, 105, 499 என்று வருவதும் இதே சட்டத்தின் பிரிவுகள்தான்). 35(3) என்று இருந்தால் சந்தேக நபராகக் கூப்பிடுகிறார்கள், பழைய 41ஏ நோட்டீஸ். பயப்பட வேண்டாம், அந்த நோட்டீஸ் ஒருவகையில் உங்களுக்குப் பாதுகாப்பு, அதன்படி நடந்துகொள்கிறவரை, கைது ஏன் தேவை என்று காரணம் எழுதாமல் உங்களைக் கைது செய்ய முடியாது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் 317(2) ஜாமீனில் விடமுடியாத பிரிவு, அதாவது ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்டு வாங்கிவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். நோட்டீஸ் தேதிக்குப் போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். எஃப்ஐஆரில் உங்கள் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் 482-இல் முன்ஜாமீன் போடலாமா என்பதை உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அந்த முடிவை நான் இங்கிருந்து எடுக்க முடியாது, எஃப்ஐஆரைப் பார்க்க வேண்டும்.

எழுதி வைத்ததில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்களே, அதைப் போடாதீர்கள். விசாரணையின்போது போலீசிடம் ஒருவர் சொல்வதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181-ஆம் பிரிவே சொல்கிறது. போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பதும் இருக்கிறது. இதை அங்கே சட்டம் பேசிச் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை, "வக்கீலைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் சார்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜர் வேறு, அதில் நீங்கள் இருந்ததற்காகக் கையெழுத்து கேட்பது வழக்கம், போட்டுவிட்டு ஒரு நகல் கேளுங்கள். அதில் எடை சரியாக இருக்கிறதா, எந்தத் தேதி எந்த நேரம் போட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். இப்போதெல்லாம் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது (105-ஆம் பிரிவு). எடுத்தார்களா என்பதை உங்கள் வக்கீலிடம் சொல்லி வையுங்கள்.

ஒன்பது கிலோவையும் கொண்டுவந்து வை என்பதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. திருட்டுப் பொருளை மீட்டதாகக் காட்டுகிற இந்த "ரெகவரி" கணக்கு நகைக்கடையிலும் அடகுக்கடையிலும் நடக்கிறதுதான், உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் வேறு எங்கோ நாலரை கிலோ செம்பு வாங்கி வைத்தால், அந்தச் செம்பு இந்த வழக்கில் திருட்டுச் செம்பாக மாறிவிடும், அதுவும் உங்கள் கையிலிருந்தே கைப்பற்றியதாக எழுதப்படும். உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே காசு போட்டு வாங்கிக் கொடுக்கிறீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்: பாதியை இந்தத் தேதியில் இந்த ஆளுக்கு விற்றேன், இதோ பில், இதோ வண்டி நம்பர். பில் இல்லாமல் விற்றிருந்தால் பேங்க் கணக்கில் பணம் வந்தது இருக்கும், போனில் பேசியது இருக்கும், அதை அழிக்காதீர்கள். அந்த ஆள் உங்களிடம் பல வருடம் வாங்குபவர், அவர் பேர் வெளியே வந்தால் உறவு கெடும் என்று நீங்கள் தயங்குவீர்கள். தயங்காதீர்கள். அவர் பேர் சொல்லாமல் விட்டால் மறைக்க உதவியதாக 317-இன் ஐந்தாவது உட்பிரிவுக்குள் நீங்களே போய் உட்கார வேண்டிவரும்.

கொடுத்த பணம் போனது போனதுதானா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது, தோட்டக்காரருக்குத்தான் திரும்பப் போகும். அந்தப் பையன்களைப் பிடித்தபோது அவர்களிடம் பணம் இருந்து, வழக்கு முடிவில் அவர்கள் தண்டிக்கப்பட்டு, நீங்கள் தெரியாமல் வாங்கியவர் என்றும் நிரூபணமானால், அந்தப் பணத்திலிருந்து உங்களுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று ஒரு பிரிவு (499) இருக்கிறது. எத்தனை "ஆனால்" என்று எண்ணிப் பாருங்கள். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயை மறந்துவிடுங்கள். தோட்டக்காரரைப் பார்த்துப் பேச முடிந்தால் அது நல்லது, பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் இந்தக் குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வக்கீலை வைத்துப் பேசுங்கள், தனியாகப் போய் நின்றால் சாட்சியை மிரட்டினான் என்று அது வேறு கதையாகிவிடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் போர்வெல்லுக்கும் நடுவில் ஒயரை வெட்டிக்கொண்டு போகிறவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம். புது ஒயர் வாங்கி, ஆள் கூப்பிட்டு மாட்டி, அதற்குள் தண்ணீர் இல்லாமல் காய்ந்த பயிரையும் சேர்த்தால் தோட்டக்காரருக்கு அதைப்போல் பல மடங்கு. அவர் கோபமாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

மாதாமாதம் கவனிப்பது பற்றி ஒரே பத்தி. வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள், அதன்பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் மட்டுமே தப்பிக்கலாம். அதைவிட முக்கியமாக, கவனிக்கிற கடை என்று பேர் எடுத்த கடைக்குத்தான் திருடுகிறவனும் தேடி வருவான்.

நீங்கள் கேட்காத இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் உங்கள் தொழிலில் இருப்பவர்கள் நிறையப் பேர். போர்வெல் ஒயர் என்பதால்தான் இந்த வழக்கு இந்த அளவில் நிற்கிறது. அதுவே மின்வாரியக் கம்பியாக இருந்திருந்தால் மின்சாரச் சட்டம் 2003 வந்துவிடும், கம்பியைத் திருடுவதற்கு 136, அதை வாங்குவதற்கென்றே தனியாக 137. நடுவில் எஃகு இழையும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் முறுக்கிய அந்தக் கம்பி எந்த வீட்டிலும் மிச்சம் விழாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கிற செம்புப் பட்டையும் அப்படித்தான். இவற்றை வைத்துக்கொண்டு தெரியாது என்று சொன்னால் நீதிபதி சிரிக்காமல் இருந்தால் அதிசயம்.

ரயில்வே பொருள் இதைவிடக் கடுமை. 1966-ஆம் வருட ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டத்தில் நிரூபிக்கிற பாரம் அப்படியே தலைகீழாக மாறுகிறது. திருடப்பட்டது என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய ரயில்வே பொருள் உங்களிடம் இருந்தது என்று அவர்கள் காட்டினால் போதும், அது நியாயமான வழியில் வந்தது என்று நிரூபிப்பது உங்கள் வேலை. முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை, சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. இடத்துக்குச் சொந்தக்காரர் தெரிந்தே கண்டுகொள்ளாமல் இருந்தால் அவருக்கும் தனியாகப் பிரிவு உண்டு, குடோனை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனிக்கவும். இன்னும் ஒன்று: இந்த வழக்குகளை விசாரிப்பது ஆர்பிஎஃப், அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை. அவர்கள் சாட்சியச் சட்டத்தின் பொருளில் போலீஸ் அதிகாரிகள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 1980-இல் பாலகிஷன் தேவிதயாள் வழக்கில் அதைத் தெளிவாக்கினார்கள். அதனால் மேலே நான் சொன்ன "போலீசிடம் ஒப்புக்கொண்டது செல்லாது" என்கிற பாதுகாப்பு அங்கே கிடையாது, ஆர்பிஎஃப்பிடம் நீங்கள் எழுதிக் கொடுப்பது உங்களுக்கு எதிராகவே நிற்கும். தண்டவாளத்தைப் பிடித்து வைக்கிற கிளிப், இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற ஃபிஷ் பிளேட், மேலே மின்சார ரயிலுக்குப் போகிற இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய தடித்த செம்புக் கம்பி, சிக்னல் கேபிள், இவற்றில் ஒரு துண்டுகூடக் கடைக்குள் வரவேண்டாம். ரயில்வேயும் மின்வாரியமும் பழைய பொருளை ஏலத்தில்தான் விற்கின்றன, ஏலத்தில் எடுத்தவரிடம் அதற்கான டெலிவரி ஆர்டர் இருக்கும். அது இல்லாமல் வருகிற பொருள் எந்த வழியில் வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை.

சரி, கடையில் என்ன மாற்ற வேண்டும். இரும்பு, தகரம், பேப்பர், பாட்டில் எல்லாவற்றுக்கும் ஆதார் கேட்டுக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் கடை காலியாகிவிடும், அது எனக்கும் தெரியும். திருட்டு அதிகம் வருவது செம்பு, பித்தளை, ஈயம், பேட்டரி, கேபிள், மோட்டார், ஏசி காயில், பாதாளச் சாக்கடை மூடி, கோயில் மணி, விளக்கு இந்த வரிசையில். இவற்றுக்கு மட்டும் ஒரு தனி நோட்டு போடுங்கள், பக்கத்துக்கு எண் போட்டது. தேதி, நேரம், பெயர், விலாசம், போன், அடையாள அட்டை, வண்டி எண், பொருள் என்ன மாதிரி இருந்தது, எடை, விலை. "செம்பு 9 கி" என்று எழுதாதீர்கள், "ரீவைண்டிங் கடைச் செம்பு, வார்னிஷ் அடித்தது" என்று எழுதுங்கள். தராசில் பொருள் இருக்கும்போது விற்பவரோடு சேர்த்துப் போனில் ஒரு போட்டோ. ஆதார் நகலைக் கல்லாவுக்கு அடியில் குவித்து வைக்காதீர்கள், பன்னிரண்டு இலக்கமும் வேண்டாம், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற, மறைத்த ஆதாரே போதும், ஓட்டுநர் உரிமம் இருந்தாலும் போதும். பணம் ஜிபே, போன்பே எதிலாவது. போனில் பணம் வாங்க மாட்டேன் என்று ஒருவன் செம்பை மறுபடி சாக்கில் அள்ளிக்கொண்டு போனால், போகட்டும், உங்களுக்கு வரவேண்டிய ஒரு வழக்கு அவனோடு போகிறது. ரொக்கமாகக் கொடுத்தே ஆகவேண்டிய இடத்திலும், ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள் என்பது உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும்.

தள்ளுவண்டியிலும் டிரைசைக்கிளிலும் தெருத் தெருவாகப் போய் எடுத்து வருபவர்களை மறக்காதீர்கள். உங்கள் தொழிலே அவர்களை நம்பித்தான் ஓடுகிறது, அவர்களிடம் ஒவ்வொரு தடவையும் அட்டை கேட்டால் அவமானமாக நினைப்பார்கள். ஒரே ஒரு தடவை விவரம் வாங்கி ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுங்கள், அப்புறம் நோட்டில் அந்த நம்பர் மட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே தெரிகிற யாரிடமும் உலோகம் வாங்காதீர்கள், இருட்டின பிறகு செம்பு வாங்காதீர்கள், எரித்த ஒயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எரித்த ஒயர் என்பது பாதிக்குப் பாதி எங்கிருந்து வந்தது என்பதை அழிப்பதற்காகவே எரித்தது, பிவிசி புகை கடைக்காரர் நுரையீரலுக்கும் நல்லதில்லை. வாங்கிய செம்பை ஒரு வாரம் தனியாக வைத்திருந்து பிறகு அனுப்பினால் இன்னும் நல்லது. விலை ஏறி இறங்குகிற பொருளில் ஒரு வாரம் பணத்தை முடக்குவது கஷ்டம்தான், ஆனால் நாலாவது நாள் போலீஸ் வரும்போது பொருள் முழுதாக இருந்திருந்தால் இன்று உங்கள் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

பழைய வண்டி உடைக்கிற வேலையும் பக்கத்தில் வைத்திருந்தீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். 2021-இல் வந்த மோட்டார் வாகன விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள்தான் அதைச் செய்ய வேண்டும், அவர்களும் வண்டி திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் சங்கத்துப் பேச்சு. எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எதிர்க்க மாட்டேன், எப்படிப்பட்ட சட்டம் வேண்டும் என்று நானே எழுதிக்கொண்டு போவேன்.

அடகுக்கடைக்காரர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு 1943-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, லைசென்ஸ் வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், வைத்தவருக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். திருட்டு நகை அங்கேயும் வருகிறது, வராமல் இல்லை. ஆனால் ஒழுங்காகப் புத்தகம் வைத்திருக்கிற அடகுக்கடைக்காரருக்குக் காட்டுவதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. உங்களுக்கோ உள்ளாட்சி உரிமம் ஓரிடம், ஜிஎஸ்டி ஓரிடம், பேட்டரிக்கு ஒரு விதி, மின்னணுக் கழிவுக்கு ஒரு விதி என்று சிதறிக் கிடக்கிறது, இதில் எதை ஒழுங்காகச் செய்திருந்தாலும் அந்த இரண்டு பையன்கள் யார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வரியை வாங்குகிறவரே கட்டி, தானே பில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். நோக்கம் வரி, ஆனாலும் யாரிடம் வாங்கினோம் என்று எழுதுகிற பழக்கம் அதனாலும் வரும். பதிவு உள்ளவராக இருந்தால் இதை உடனே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று உங்கள் சங்கத்தில் சொல்லுங்கள். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் செம்பு, ஈயம் விலை ஏறியபோது அங்கே ரயில் சிக்னல் கேபிள், தேவாலயக் கூரையில் பதித்த ஈயத் தகடு, போரில் இறந்தவர்கள் பெயர் பொறித்த வெண்கலப் பலகை வரைக்கும் காணாமல் போனது. 1964-இலிருந்து ஒரு சட்டம் இருந்ததுதான், கடையைப் பதிவு செய்து புத்தகம் வைக்கச் சொல்கிற சட்டம், ஆனால் ரொக்கம் புழங்கியதால் புத்தகத்தில் எழுதிய பெயர் உண்மையா என்று யாருக்கும் தெரியாது. 2012 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்தார்கள். தெருவில் சேகரிப்பவர்களுக்கு முதலில் விலக்கு இருந்தது. 2013 அக்டோபரில் புதுச் சட்டம் வந்தபோது அந்த விலக்கும் போனது. உள்ளாட்சியிடம் லைசென்ஸ், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. கடை வைத்திருப்பவருக்கு ஒரு வகை, சேகரிப்பவருக்கு ஒரு வகை. விற்பவரின் பெயரும் விலாசமும் சரிபார்க்க வேண்டும், பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அடுத்த சில வருடங்களில் உலோகத் திருட்டு பாதிக்கும் கீழே போனது. அதே காலத்தில் உலோக விலையும் இறங்கியது, அதனால் எல்லாப் பெருமையும் சட்டத்துக்கே என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு விலை ஏறியபோது திருட்டும் கொஞ்சம் ஏறியது, சட்டம் எழுதினவர்கள் அதைச் சோதிக்கிற ஆட்களைக் குறைத்துவிட்டதும் ஒரு காரணம் என்று அங்கே பேசினார்கள். ஆனால் உங்களுக்கு முக்கியமானது, கடைகள் மூடவில்லை. ரொக்கத்துக்குத் திருட்டுப் பொருள் வாங்கி விலையைக் கெடுத்த பக்கத்துக் கடைக்காரனோடு போட்டி போட வேண்டிய நிலைமையிலிருந்து ஒழுங்காக நடத்தியவர்கள் தப்பித்தார்கள்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா. 2015-லேயே அங்கே பழைய உலோக வியாபாரத்துக்குச் சட்டம் போட்டார்கள், நடைமுறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2022 ஜனவரியில் உயரழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்து நாடே இருட்டில் மூழ்கியது, கோபுரத்தின் இரும்பைக் கழற்றியதுதான் காரணம் என்று சொல்லி அரசு ஒரே அறிவிப்பில் மொத்தப் பழைய உலோக வியாபாரத்தையும் நிறுத்திவைத்தது. நல்லவன் கெட்டவன் என்று பார்க்கவில்லை, சில மாதங்கள் எல்லோருக்கும் பூட்டு. அரசுக்குக் கோபம் வந்த பிறகு வருகிற விதியில் உங்கள் சங்கத்தின் குரல் இருக்காது.

அதனால் சங்கம் போய்க் கேட்க வேண்டியது, என் கருத்தில், செம்பு, ஈயம், பேட்டரி போன்றவற்றுக்கு மட்டும் அடையாளமும் போன்வழிப் பணமும் கட்டாயம், இரும்புக்கும் தகரத்துக்கும் வேண்டாம். பேட்டை பேட்டையாகக் குப்பை பொறுக்கிச் சாப்பிடுகிற பாட்டியின் நாலு கிலோ தகரத்துக்குப் படிவம் நிரப்பச் சொல்கிற சட்டத்தை நானே எதிர்ப்பேன். லைசென்ஸ் தருவதும் ரத்து செய்வதும் ஒரே ஸ்டேஷன் கையில் இருக்கக் கூடாது, இருந்தால் உங்களுக்கு வெளியில் யோசனை சொன்ன ஆளுக்குத்தான் கொண்டாட்டம், உள்ளாட்சியில் இணையவழியில் பதிவு இருக்கட்டும். விதி உங்களோடு நின்றுவிடாமல் உங்களிடம் வாங்கி உருக்குகிற பெரிய ஆளுக்கும் அதே கண்டிப்போடு பொருந்த வேண்டும், ஏனென்றால் மூலம் கேட்காமல் டன் கணக்கில் வாங்குகிறவர் மேலே இருக்கும்வரை கீழே யார் நோட்டு எழுதினாலும் பொருள் சுற்றிக்கொண்டு அங்கேதான் போகும். அப்புறம் திருட்டு நடந்த அன்றே, "இந்த ஊரில் இவ்வளவு மீட்டர் இந்த ஒயர் போயிருக்கிறது" என்று போலீசிலிருந்து எல்லாக் கடைகளுக்கும் ஒரு செய்தி வரவேண்டும். அமெரிக்காவில் பழைய உலோக வியாபாரிகளின் சங்கமே இப்படி எச்சரிக்கை அனுப்புகிற ஏற்பாட்டை நடத்துகிறது. இங்கே ஒரு வாட்ஸ்அப் குழு போதும், அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், உங்கள் சங்கத் தலைவர் டிஎஸ்பியைப் பார்த்துக் கேட்டால் நாளைக்கே தொடங்கலாம்.

அடுத்த வாரத்துக்குத் திரும்புகிறேன். கோவைக்கு அனுப்பியதன் பில் அல்லது பணம் வந்த வங்கி விவரம், மகஜர் நகல், நோட்டீஸ், எஃப்ஐஆர் நகல் (இணையத்தில் இறக்கலாம்), உங்கள் உள்ளாட்சி உரிமம், ஜிஎஸ்டி சான்று இவற்றை ஒரு ஃபைலில் போடுங்கள். அன்றைக்குக் கடையில் கேமரா ஓடியிருந்தால் பதிவு அழிவதற்குள் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், பொதுவாகச் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும், இன்றைக்கே பாருங்கள். அந்தப் பையன்கள் பகலில் வந்து, நீங்கள் வெளிப்படையாக எடை போட்டு வாங்கியது அதில் தெரிந்தால் அது உங்களுக்கு உதவும். போன தேதி போட்டுப் புது நோட்டு எழுதாதீர்கள், நிறையப் பேர் இந்தக் கட்டத்தில் அதைத்தான் செய்கிறார்கள், மை காய்ந்த விதத்திலிருந்து கையெழுத்து வரை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், ஒரு வழக்கு இரண்டாகும். நோட்டீஸில் போட்ட நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், வக்கீலோடு போங்கள், வந்ததற்கு வருகைக் குறிப்பு கேட்டு வாங்குங்கள். எஃப்ஐஆரில் உங்கள் பெயர் இருந்தால் அதையும் நோட்டீஸையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.